எட்டாவது யானை

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே ஒரு ஜவ்வரிசி ஆலை. மரவள்ளிக் கிழங்கு லோடு இரண்டு ஒன்றாக வந்து நின்றால், எது முதலில் உள்ளே போவது என்பதை வாசலில் ஒரு சதுரங்கப் பலகைதான் தீர்மானிக்கும். பலகை வாட்ச்மேன் அம்மாசியுடையது. காய்களெல்லாம் தொலைந்துபோய் ஜல்லிக்கற்களே யானைகளாகிவிட்டன. ஆளுக்கொன்றாக மாறி மாறி வைக்க வேண்டும். ஒரு யானை நிற்கிற நேர் வரிசையிலும் குறுக்கு வரிசையிலும் இன்னொன்றை வைக்கக் கூடாது. வைக்க இடமில்லாதவர் தோற்றவர்.

முதலில் வைப்பவனுக்கே லாபம் என்று எல்லோரும் அதற்கு அடித்துக்கொண்டார்கள். எங்கே வைத்தாலும் பலகை எட்டு யானையோடு அடைபட்டுவிடும், எட்டாவது எப்போதும் இரண்டாவது ஆளுடையது என்பது லோடு கொண்டுவருகிறவர்களில் காசிநாதனுக்கு மட்டும் தெரியும். பொண்டாட்டி தங்கமணியிடம்கூட அவன் மூச்சு விடவில்லை. எதிரே யார் உட்கார்ந்தாலும், "நீங்க முதல்ல வைங்கண்ணே" என்பான். அதிலேயே பெரிய மரியாதைக்காரன் என்று பேரும் வாங்கிவிட்டான், கெட்டிக்காரன்.

கல்வராயன் மலையிலிருந்து கிழங்கு கொண்டுவரும் சடையனைப் போன வாரம் அப்படித்தான் தோற்கடித்தான். அன்று பார்த்து மிஷின் பழுதாகி, சடையனுடைய லோடு இரண்டு நாள் வெயிலில் கிடந்து கறுத்துப்போனது. கேள்விப்பட்டபோது காசிநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆட்டம் என்றால் ஆட்டம்தானே என்று தேற்றிக்கொண்டான்.

இன்று மறுபடி இருவர் லோடும் ஒன்றாக வந்து நின்றன. சடையன் இறங்கி வந்து ஒரு பை சாமையை அவன் கையில் கொடுத்தார்.

"கீழ வந்தா எல்லாரும் என்னை வாடா போடாம்பாங்க தம்பி. நீங்க வைங்கன்னு சொன்னது நீ ஒருத்தன்தான். வூட்ல சொன்னேன், இருசம்மா இடிச்சுக் குடுத்தனுப்புனா. இன்னிக்கு நீ முதல்ல வை."

காசிநாதனுக்கு உடம்பெல்லாம் கூசியது. வழக்கம்போல மறுக்க வாய் வரவில்லை. கல்லை எடுத்து மூலையில் வைத்தான். எட்டாவது கல்லைச் சடையன் வைத்தார்.

வேண்டுமென்றே விட்டுக்கொடுத்துவிட்டான், பெரிய மனசு என்று அம்மாசி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். சடையன் கண் கலங்கிக் கும்பிட்டார். செருப்பால் அடித்திருந்தால்கூட காசிநாதனுக்கு இப்படி வலித்திருக்காது.

"அண்ணே, அன்னிக்கு..." என்று ஆரம்பித்தான்.

"இன்னா தம்பி?"

"ஒண்ணுமில்ல. பார்த்து ஓட்டிக்கினு போங்க."

சடையனின் டிராக்டர் உள்ளே போனது. சாமைப் பை காசிநாதன் கையிலேயே இருந்தது. யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்று தங்கமணி கேட்பாள்.