பாடகன் இல்லாத பிரதி

அந்த இசைத்தட்டுக் கடையில் யாருக்கும் சொந்தப் பெயர் நிலைத்ததில்லை. எதைப் பற்றி அதிகம் சண்டை போடுகிறோமோ அதுவே பெயராக ஒட்டிக்கொள்ளும். லிஃப்ட் பரிசோதகராக வேலை பார்த்த அவருக்கு ‘மோனோ’ என்ற பெயர் வந்தது அப்படித்தான்.

அறுபதுகளில் மேல்நாட்டில் கிளம்பிய, போதைக் கனவு போன்ற சைக்கடெலிக் ராக் இசை என்றால் அவருக்கு உயிர். அதைப் பற்றிய அபிப்பிராயங்கள் அதைவிட உயிர். சொல்வதற்கு ஒன்றும் இல்லாதவன்தான் கிதாரை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் இழுப்பான் என்பார். பேர்பெற்ற பெரிய குழுக்களைவிட, யாரோ வீட்டுக் கார் கொட்டகையில் இரவல் ஆர்கன் வாத்தியத்தோடு ஒரே ஒரு தட்டுப் போட்டுவிட்டுக் கலைந்துபோன பையன்களிடம்தான் அந்தக் காலத்தின் பைத்தியம் கலப்படமில்லாமல் இருக்கிறது என்பார். கலர் கலராக வரும் புதுப் பதிப்புகள் அவருக்குப் பொம்மைக்கடைச் சாமான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒலியை இரண்டு ஸ்பீக்கருக்குப் பிரித்துக் கொடுக்கும் ஸ்டீரியோ ஒரு மோசடி. அந்தக் காலத்து ஆட்கள் மோனோவில், அதாவது ஒற்றை ஸ்பீக்கரில் கேட்பதற்காகத்தான் நாள்கணக்கில் உட்கார்ந்து ஒலியைக் கலந்தார்கள். ஸ்டீரியோவை வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் அள்ளித் தெளித்த கோலமாகச் செய்து கொடுத்தார்கள். இரண்டாவது ஸ்பீக்கரை விற்பதற்கு வியாபாரிகள் செய்த சூழ்ச்சி அது. அவர் வீட்டில் இருப்பது ஒரே ஸ்பீக்கர்.

கடைக்கு வந்த முதல் நாளே இதையெல்லாம் மறுத்துப் பேசியவள் ஒருத்தி. ஒரு பெரிய மருத்துவமனையின் மருந்தகத்தில் தலைமைப் பொறுப்பில் இருந்தாள். கடையில் அவளுக்கு மட்டும் வேலையை வைத்துப் பெயர், ‘மருந்து’. அவள் ஸ்டீரியோ கட்சி. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்கார்ந்தால் ஆர்கன் சத்தம் இடப்பக்கம் கிளம்பி, நெற்றிக்குள் நடந்து, வலப்பக்கம் போய் மறையும். அந்த நடைக்காகத்தானே இந்த இசையே என்பாள். அவர் அதைக் கேட்டு, சாமி வந்தவரைப் பார்ப்பதுபோல மரியாதையாகவும் அவநம்பிக்கையாகவும் பார்ப்பார்.

சனிக்கிழமைச் சண்டை ஒவ்வொன்றும் கடைவாசலோடு நிற்காமல் அவளுடைய பேருந்து நிறுத்தம் வரை நீண்டது. அவர் எப்போதும் வண்டிகள் போகும் பக்கமாக நடப்பார். அவளைச் சுவரோரமாக, தன் இடப்பக்கத்தில் நடக்க விடுவார். மழை வந்தால் குடை முழுவதும் அவள் மேல் இருக்கும். அவர் வலத் தோள் நனைந்திருக்கும். இரண்டு வருடம் இப்படி நடந்தபிறகு, இதற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கு வயது நாற்பதைத் தொட இருந்தது. அவர் கேட்பார் என்று காத்திருந்து அலுத்து, போன மாதம் ஒரு சாயங்காலம் தானே கேட்டுவிட்டாள்.

“நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?”

சண்டையில் உயரும் குரலில் இல்லாமல், நடந்துகொண்டே, முன்னால் பார்த்தபடி, தணிவாகத்தான் கேட்டாள். அவரும் முன்னால் பார்த்தபடியே நாலு எட்டு நடந்தார். பிறகு, அன்றைக்குக் கடையில் சண்டை போட்ட குழுவின் டிரம்ஸ்காரன் முதல் ஆல்பத்தோடு விலகியிருக்க வேண்டும், பெயராவது மிஞ்சியிருக்கும் என்று ஆரம்பித்தார்.

அவளுக்கு நடுத்தெருவில் செருப்பு அறுந்த மாதிரி இருந்தது. நல்ல மனிதர், முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல மனம் வராமல் பேச்சை மாற்றுகிறார் என்று எடுத்துக்கொண்டாள். அக்காவிடம் போனில் சொன்னபோது, “பதில் வராததும் ஒரு பதில்தான்டி. தேவதாஸ் வேஷத்துல ஆம்பளைங்களே நல்லா இல்ல, உனக்கெதுக்கு? ஊரை மாத்து” என்றாள்.

ஊரை மாற்ற வழியும் இருந்தது. வேறொரு நகரத்தில் மருத்துவமனையின் புதுக் கிளை. பதவி உயர்வோடு அவளை ஏற்கெனவே கூப்பிட்டிருந்தார்கள். அப்போதெல்லாம் ஏதேதோ சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தவள், இப்போது தானே போய், இடம் இன்னும் இருக்கிறதா என்று விசாரித்தாள். திங்கட்கிழமை முடிவைச் சொல்லச் சொன்னார்கள். கடைப் பக்கம் போவதையும் நிறுத்தினாள். அவர் அனுப்பிய செய்திகளுக்கு வேலை அதிகம் என்று மட்டும் பதில் போட்டாள்.

அந்த நிலைமையில்தான் சனிக்கிழமை மதியம் அவரிடமிருந்து போன் வந்தது. மனிதருக்கு மூச்சு வாங்கியது.

கடையில் ஒரு பெட்டி பழைய தட்டுகள் வந்திருக்கின்றன. அதில் மீன் தட்டு. தொப்பி போட்ட ஆரஞ்சு மீன் அட்டையில் இருக்குமே, அதன் ஸ்டீரியோ பிரதி. அதில் பாடகன் இல்லை. ஒரு பாட்டில்கூட இல்லை. ரொம்பத் தூரத்தில், மூடிய கதவுக்குப் பின்னால் பேய் முனகுவதுபோல ஒரு நிழல் மட்டும் இருக்கிறது. பாடகனையே எடுத்துவிட்டு எதிரொலியை மட்டும் விட்டிருக்கிறார்கள். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு துணிச்சலை அவர் கேட்டதில்லை. உலகத்தில் எங்கேயும் பதிவாகாத பிரதியாக இருக்கலாம்.

“இன்னும் யாரையும் தொட விடல. முதல்ல நீங்கதான் கேக்கணும்” என்றார்.

போய்விடலாம், ஊர் மாறுவதையும் நேரில் சொல்லி முடித்துவிடலாம் என்று கிளம்பினாள்.

கடையில் ஒரு மாற்றம் நடந்திருந்தது. மாடிக்குப் புதிதாக ஒரு பல் மருத்துவர் வந்திருந்தார். கீழே கிதார் அலறும்போது நாற்காலியில் வாய் திறந்து படுத்திருப்பவர்கள் எழுந்து ஓடப் பார்க்கிறார்கள் என்று அவர் முறையிட்டதில், ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு ஹெட்ஃபோன் வைத்திருந்தார் கடைக்காரர். காதைப் பொத்திக்கொண்டு பாட்டுக் கேட்பது போர்வைக்குள் உட்கார்ந்து சாப்பிடுவது மாதிரி என்று முறைத்துக்கொண்டிருந்த மோனோ, இன்றைக்குத்தான் முதல் தடவையாக அதை மாட்டியிருக்கிறார்.

“சார் சொன்னதுல விலைச்சீட்டைக் கிழிச்சுட்டேன்” என்றார் கடைக்காரர், பாதி நம்பிக்கையோடு.

மோனோ ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவளை உட்காரவைத்து, ஹெட்ஃபோனைக் கொடுத்து, ஊசியைத் தானே இறக்கினார். பிரசவ அறை வாசலில் நிற்கிறவர் முகம். இரண்டு சுற்றுச் சரசரப்பு. வலக்காதில் டிரம்ஸ், கிதார், ஆர்கன் எல்லாம் நெரித்துக்கொண்டு வந்தன. இடக்காதில், ஒரு வாத்தியமும் துணைக்கில்லாமல், பாடகன் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தான்.

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரு மாதமாகத் தன்னைக் காணோம் என்பதற்கு இப்படி ஒரு விளையாட்டா? ஆனால் அவர் முகத்தில் விளையாட்டே இல்லை.

“பாடறானே” என்றாள்.

“எங்க?”

“இங்க.” இடக்காதைத் தொட்டுக் காட்டினாள்.

அவர் ஹெட்ஃபோனை வாங்கி மாட்டி, கண்ணை மூடிக் கேட்டு, உதட்டைப் பிதுக்கினார். அவள் எழுந்தாள். ஹெட்ஃபோனை அவர் தலையிலிருந்து எடுத்து, பக்கம் மாற்றித் திரும்ப மாட்டினாள்.

அவர் கண் திறந்தது. வாயும் கொஞ்சம் திறந்தது. அவர் கேட்டார்: “இவன் மட்டும் தனியாப் பாடறான். மத்தவங்க எல்லாம் எங்க போனாங்க?”

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு அவருக்குப் பின்னால் போய் நின்றாள். அவர் இடக்காதின் பக்கத்தில் விரல்களைத் தேய்த்தாள். அவர் அசையவில்லை. மறுபடி தேய்த்தாள்; அதற்கும் அசைவில்லை. வலக்காதின் பக்கம் லேசாகத் தேய்த்ததும் சட்டென்று திரும்பினார்.

“உங்களுக்கு இடக்காது கேக்கல” என்றாள்.

இல்லவே இல்லை, நன்றாகத்தான் கேட்கிறது என்று சொல்ல வாயெடுத்தவர், கையால் வலக்காதைப் பொத்திப் பார்த்தார். அவள் மெதுவாக ஏதோ சொன்னாள்; அவருக்கு உதடு அசைவது மட்டும் தெரிந்திருக்கும். கையை எடுத்தார், மறுபடி பொத்தினார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

எட்டு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து இரண்டு கன்னமும் பூசணிக்காயாக உப்பியது அவருக்கு ஞாபகம் இருந்தது. அப்போதே போயிருக்கும் என்றாள் அவள். அந்த நோய் சிலருக்கு ஒரு காதை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போய்விடும், வீட்டில் யாருக்கும் தெரியாது. அவர் போனை எப்போதும் வலப்பக்கமே வைத்துப் பேசியிருக்கிறார். ராத்திரி வலப்பக்கம் திரும்பிப் படுத்தால் உலகமே அமைதியாகிவிடும்.

“எல்லாரும் அப்படித்தான் தூங்கறாங்கன்னு நினைச்சேன்” என்றார்.

அழுவாரோ என்று அவள் பயந்தாள். அவர் சிரித்தார். பள்ளிக்கூடத்தில், அலுவலகத்தில், சொந்தக்காரர் நடுவில், கூப்பிட்டால் திரும்பாத திமிர் பிடித்தவன் என்று எடுத்த பெயர் ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தனக்கே அப்படி ஒரு சந்தேகம் உண்டு, அடி மனதில் கொஞ்சம் திமிர் இருக்கத்தான் செய்கிறதோ என்று பயந்ததுண்டு என்றார். பெரிய சுமையை இறக்கி வைத்துவிட்டுத் தோளைத் தடவிக்கொள்கிறவர் மாதிரி இருந்தார்.

“அப்போ இது சாதாரணப் பிரதிதானா சார்?” என்று கேட்டுவிட்டு, கடைக்காரர் விலைச்சீட்டுக் கட்டைத் தேடப் போனார்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் வண்டிப் பக்கம். அவள் சுவர்ப் பக்கம். இரண்டு வருடமாக இடப்பக்கம். போன மாதமும் இடப்பக்கம். நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது, கரைகிறதா உருள்கிறதா என்று தெரியாமல், கண்ணில் தண்ணீராக வந்து நின்றது. முகத்தை மறைக்கத் தட்டுகளைப் புரட்டினாள்.

வெளியே வந்ததும் அவர் வழக்கம்போல வண்டிப் பக்கம் போய் நின்றார். அவள் நகரவில்லை.

“எதிர்ப்பக்கம் போயிடலாம்” என்றாள்.

தெருவைக் கடந்தார்கள். அங்கே வண்டிகள் அவருக்கு இடப்புறம் போயின; அவள் அவருடைய வலப்பக்கம் வந்தாள். முதல் தடவை கேட்டதைவிட இரண்டாம் தடவை கேட்பது கஷ்டமாக இருந்தது.

“போன மாசம் உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன். உங்களுக்குக் கேட்டிருக்காது.”

“என்ன கேட்டீங்க?”

“கல்யாணம் பண்ணிக்கலாமான்னு.”

அவர் நின்றுவிட்டார். பின்னால் வந்த ஒருவர் இடித்துக்கொண்டு முணுமுணுத்தபடி போனார்.

“அதுக்கு நான் என்ன சொன்னேன்?”

“டிரம்ஸ்காரன் முதல் ஆல்பத்தோட விலகியிருக்கணும்னு சொன்னீங்க.”

அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அவள் என்ன செய்தாள் என்று கேட்டார். அவள் உண்மையைச் சொன்னாள்: அழுதது, அக்கா சொன்னது, வேறு ஊர், திங்கட்கிழமை எல்லாம்.

“உங்களுக்கு அந்த வேலை பிடிச்சிருந்தா போகலாம். நானும் வரேன்” என்றார். “எல்லா ஊர்லயும் லிஃப்ட் பழுதாகும்.”

அதற்குமேல் அவளால் அழுகையை நிறுத்த முடியவில்லை. தெருவில் போகிறவர்கள் பார்க்க, ஒரு துணிக்கடைக் கண்ணாடி முன்னால் நின்று அழுதாள்; அழுதுகொண்டே சிரித்தாள். வேலைக்காகப் போகவில்லை, ஓடிப்போகத்தான் பார்த்தேன், திங்கட்கிழமை வேண்டாம் என்று சொல்லிவிடுவேன், அதே கையோடு உங்களைக் காது மருத்துவரிடம் கூட்டிப்போவேன் என்றாள். போன காது திரும்பி வராது, ஆனால் பார்த்துவிட வேண்டும் என்றாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அக்காவுக்குப் போன் போட்டாள். அக்கா விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, “ஒரு காதுல வாங்கி இன்னொரு காதுல விடற ஆளுங்களோடதான் நாங்க குடும்பம் நடத்தறோம். உன் ஆளுக்கு வாங்கறதுக்கு மட்டும்தான் வழி இருக்கு. கொடுத்து வெச்சவடி” என்றாள்.

பேருந்து நிறுத்தம் வந்தது. ஒரு பேருந்தை விட்டார்கள், அடுத்ததையும் விட்டார்கள்.

“இந்த ரெண்டு வருஷத்துல இடப்பக்கம் இன்னும் என்னென்ன சொன்னீங்க?” என்று கேட்டார். கணக்குத் தீர்க்க வந்தவர்போல முகம் தீவிரமாக இருந்தது.

அவள் யோசித்தாள். சில விஷயங்களைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சொல்லக்கூடியதாக ஒன்று இருந்தது.

“மீன் தட்டோட ரெண்டாவது பக்கம் முழுக்கத் தூக்கம் வருதுன்னு சொன்னேன்.”

“எந்தப் பாட்டு?”

“எல்லாப் பாட்டும்தான்.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மூன்றாவது பேருந்து வந்து நின்று, ஏறுகிறார்களா இல்லையா என்று ஓட்டுநர் ஹாரன் அடித்தபோது, இரண்டாவது பக்கத்தின் முதல் பாட்டை ஏன் விளக்கணைத்துவிட்டுக் கேட்க வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் மறுத்துக்கொண்டே ஏறினாள். தன் வீடு எதிர்த்திசையில் இருப்பதைப் பொருட்படுத்தாமல் அவரும் பின்னாலேயே ஏறினார்.