மதகின் கண்

இதில் ஒரு எழுத்து பொய்யென்றாலும் சொன்ன நாக்கு அழுகிப் போகட்டும். பைபிள் மேல் ஒரு கை, குன்றத்தூர் முருகன் மலை இருக்கும் திக்கில் ஒரு கை நீட்டிச் சத்தியம்: சுங்குவார்சத்திரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த ஜெபதாஸுக்கு, அறுபத்தெட்டாம் வருஷக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நடந்தது அத்தனையும் நிஜம்.

ஜெபதாஸுக்குத் தூரத்தில் இருப்பது தெரியாது. கண்ணாடி இல்லாமல் ஒருமுறை எருமை மாட்டைப் பாதிரியார் என்று நினைத்து ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, அது பதில் சொல்லவில்லையே என்று வருத்தப்பட்டவன். இந்த விஷயம் அவனுக்கு நிச்சயம் பண்ணியிருந்த அன்னபுஷ்பத்தின் வீட்டுக்குத் தெரியாது. தெரிந்தால் கல்யாணம் நின்றுபோகும். அவளுடைய அப்பா தாமஸ் முதல் நாளே சொல்லியிருந்தார்:

“கண்ணாடி போட்ட மாப்ள நம்ம வூட்டுக்கு ஆவாது. நாளைக்குப் பேரப்புள்ளைங்களும் செவுத்தைத் தடவிக்கினுதான் நடக்கும்.”

அதே தாமஸ்தான், “ஏரி நீச்சல் பந்தயத்துல நீயும் எறங்கு மாப்ள, ஊரு பாக்கட்டும்” என்றார். கரையிலிருந்து குதித்து, மதகுத் தூணில் கட்டிய சிவப்புக் கொடியை அவிழ்த்துக்கொண்டு திரும்ப வேண்டும். கொடி தெரிந்தால்தானே அவிழ்க்க!

ஜெபதாஸ் கடையைச் சாத்திக்கொண்டு யோசித்தான். சைக்கிள் ட்யூபை வெட்டி, தன் மூக்குக் கண்ணாடிச் சில்லுகளை அதில் பதித்து, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனால் நீர் புகாமல் ஒட்டினான். கேட்டால், பட்டாளத்தார் முங்கு நீச்சலுக்குப் போடுவது என்று சொல்லிவிடலாம். பவர் இருப்பது எவனுக்குத் தெரியும்? ஆனால் ஒட்டும்போது இடதுபக்கச் சில்லு உடைந்தது. அந்த இடத்தில் சோடா பாட்டில் அடியை வைத்தான். இடது கண்ணுக்கு உலகமே பாசியாகத் தெரிந்தது.

மறுநாள் கரையில் அதை மாட்டிக்கொண்டு நின்றவனிடம், மதகைத் திறந்து மூடும் அப்பாவு வந்தான். முகம் செத்திருந்தது.

“டேய், ஒரு கண்ணு ரிப்பேருடா. ஒண்ணும் பண்ண முடியல. உஷாரா இரு.”

மதகில் தண்ணீர் பாயும் துளைக்கு அங்கே கண் என்றுதான் பேர். திருகு கம்பி வளைந்து, ஒரு கண் மூடாமல் நின்றுவிட்டதைத்தான் அப்பாவு சொன்னான். வேறு நாளாயிருந்தால் ஜெபதாஸுக்கும் விளங்கியிருக்கும். அன்று அவன் நெஞ்சில் இருந்ததோ சோடா பாட்டில்.

“அண்ணாத்தே, கால்ல வுழறேன். யாராண்டையும் சொல்லாத.”

ரிப்பேர் தெரிந்தால் ஓவர்சியர் வேலையை விட்டுத் தூக்கிவிடுவார் என்று பயந்துகொண்டிருந்த மதகுக்காரனுக்கு அது தேனாக இருந்தது. “நீ சொல்லலைன்னா நானும் சொல்லல” என்று நழுவினான்.

விசில் ஊதினார்கள். ஜெபதாஸ் முன்னால் போனான். பின்னாலேயே அன்னபுஷ்பத்தின் தம்பி கிறிஸ்துதாஸ். பாதி ஏரி தாண்டியதும் ஜெபதாஸுக்கு ஒன்று உறைத்தது: கை போடாமலே முன்னால் போய்க்கொண்டிருந்தான். தலையை முக்கிப் பார்த்தான். வலது சில்லில் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. பாசிகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. ஒரு ஒற்றைச் செருப்பு, யாரோ கூப்பிட்ட மாதிரி, அவனைத் தாண்டிப் போனது. மீன்கள் எதிர்த்திசையில் வாலடித்தும் பின்னோக்கியே வந்தன. எதிரே தூணின் அடியில், கறுப்பாக, இமைக்காமல், மதகின் கண் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

தூணைக் கட்டிக்கொண்டான். அப்பாவு சொன்னது அப்போதுதான் விளங்கியது. திரும்பினால், கிறிஸ்துதாஸ் சிரித்துக்கொண்டே வந்துகொண்டிருந்தான்.

வாயைத் திறந்தால் பிடி நழுவும். திறந்தான்.

“ஒரு கண்ணு ரிப்பேரு! கிட்ட வராத! ஒரு கண்ணு ரிப்பேரு!”

கிறிஸ்துதாஸ் மிரண்டு திரும்பினான். ஜெபதாஸைத் தண்ணீர் உருவிக்கொண்டு போனது. கண்ணுக்குள் நுழைந்து, இருட்டில் புரண்டு, கரைக்கு அந்தப்புறம் வாய்க்காலில் விழுந்து, இரண்டு வயல் தாண்டி நிமிர்ந்தபோது கையில் கொடி இருந்தது. முகத்தில் ட்யூப் இருந்தது. எதிரே தாமஸ் இருந்தார்.

“மாமா, கொடி...”

“கொடி கெடக்கட்டும். ஒரு கண்ணு ரிப்பேருன்னு நீயே கத்துனியே, ஊரே கேட்டுச்சு. முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?”

அத்தோடு கல்யாணம் நின்றது.

அறுபத்தெட்டில் மழை பொய்த்து, கிறிஸ்துமஸுக்கும் அந்த ஏரியில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது.