மூக்குக் கமிட்டி

எங்கள் தெருவில் என் வீட்டுக்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மூக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கு பெரிது என்பதால் அல்ல. சொல்லப்போனால் கொஞ்சம் சப்பைதான். பஸ் டிப்போ கேன்டீனில் சமையல்காரர். பருப்பு அடிப்பிடிக்கப் போகிறது என்றால் பிடிப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். எண்ணெய் டின்னைத் திறந்ததும் இது பழைய சரக்கு என்று கடைக்காரனிடம் திருப்பி அனுப்புவார். ஒருமுறை எதிர்வீட்டில் காஸ் கசிந்ததை இங்கே கட்டிலில் படுத்தபடியே கண்டுபிடித்து, ஓடிப்போய்க் கதவைத் தட்டினார். அந்த மூக்குதான் எங்களுக்குச் சோறு போட்டது. அது போய்விட்ட விஷயம் எங்கள் இரண்டு பேரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

எப்போது போனது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பல் விழுந்தால் தெரியும், முடி கொட்டினால் தெரியும். மூக்கு போனால் சத்தமே வராது. ஒரு சாயங்காலம் அவர் போட்டுக் கொடுத்த டீயை ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினேன். பால் கெட்டிருந்தது.

"மோந்து பாக்கலையா?"

"பாத்தேன்."

"பாத்துமா ஊத்துனீங்க?"

அவர் பால் பாத்திரத்தை மறுபடியும் எடுத்து முகத்தருகே வைத்துக்கொண்டார். வெகுநேரம் அப்படியே நின்றார். பிறகு, "ஒண்ணுமே வரலைம்மா, ரொம்ப நாளாவே வரலை" என்றார். "கேன்டீன்ல நாக்கை வெச்சு ஓட்டிக்கிட்டிருக்கேன். மேனேஜர் காதுக்குப் போச்சுன்னா அவ்வளவுதான். மூக்கு இல்லாத சமையல்காரனை எவன் வெச்சுக்குவான்? யார்கிட்டயும் மூச்சு விடாதே."

நான் மூச்சு விடவில்லை. எங்கள் வீட்டில் மூச்சு விடுவது ஏற்கெனவே சிரமமான காரியமாக இருந்தது. எங்கள் மகள் பாப்பாவுக்கு இழுப்பு. மழை பெய்து ஓய்ந்த நாட்களில் ரொம்ப மோசம். நெபுலைசர் மெஷினைப் போட்டு முகமூடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், அவள் விலாவெலும்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். டாக்டர் ரொம்பச் சுலபமாக வழி சொன்னார்: "புகை இல்லாத இடமாப் பாத்துப் போயிடுங்க." வீட்டை விற்கலாம் என்று பார்த்தோம். பார்க்க வந்தவர்கள் தெருமுனையிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார்கள். இந்தத் தெருவில் வீடு வாங்க எவனுக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது?

தெருக்கோடியில் ஆலை இருக்கிறது. மரச்சீவல், அறுவடைக் கழிவு, ஊர்க் குப்பை எல்லாவற்றையும் எரித்துக் கரண்ட் எடுக்கிறார்கள். நன்றி கெட்டுப் பேசக்கூடாது. வந்த புதிதில் நாங்கள்தான் கைதட்டி வரவேற்றோம். மலை மாதிரி கிடந்த குப்பை குறைந்தது. ஈ குறைந்தது. கரண்ட் போவது அடியோடு நின்றது. வாசலில் பச்சை இலை வரைந்து, 'புகையில்லா மின்சாரம்' என்று போர்டு வைத்தார்கள். பாப்பா பிறந்த வருஷம் அது. நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். இவர்கள் புகையாத நெருப்பையே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டுத் தையல்காரர் அப்போதே சொன்னார். நாங்கள்தான் சிரித்தோம்.

பிறகு கொடியில் காயும் துணியில் சாம்பல் விழுந்தது. ஈரக் குப்பை வரும் நாளில் கண் எரிந்தது. நான் வேலை பார்க்கும் சலவைக் கடையில் இஸ்திரி போட்டு அனுப்பும் விரிப்புகளை, ஊரின் அந்தப் பக்கத்துக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். புகை நாற்றம் அடிக்கிறதாம். நானும் முதலாளியம்மாவும் மூக்கை வைத்து வைத்துப் பார்த்தோம், எங்களுக்கு ஒன்றும் அடிக்கவில்லை. சோப்பு மாறியிருக்கிறது என்று சாக்குச் சொல்கிற ஆட்கள் மாதிரி இதுவும் ஒரு சாக்கு என்று அவர்களைத் திட்டித் தீர்த்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

புகார் போகப் போக, மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசிலிருந்து ஒரு மேடம் வந்தார். ஆலைக்காரர்கள் வைத்த மீட்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். நாற்றத்துக்கு மீட்டர் கிடையாதாம், மூக்குதான் மீட்டராம். அதனால் தெருவிலிருந்து ஐந்து பேர் தினமும் தெருமுனையில் நின்று மோந்து பார்த்து, பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மார்க் போட்டுச் சொல்லவேண்டும். தெரு அதற்கு மூக்குக் கமிட்டி என்று பெயர் வைத்தது. தலைவர் யார் என்பதில் விவாதமே இல்லை. மூக்கர் இருக்கும்போது வேறு ஆள் எதற்கு?

முதலில் நாலு போட்டார்கள். பிறகு மூன்று, இரண்டு. போன மழைக்காலத்திலிருந்து ஐவரும் பூஜ்யம். ஆலை வாசல் போர்டில் இலைக்குக் கீழே, 'மக்கள் சான்று: நாற்றம் இல்லை' என்று எழுதிவிட்டார்கள்.

"ஏன் பூஜ்யம் போடுறீங்க? பாப்பா பாடு தெரியலையா?" என்று ஒருநாள் கத்தினேன்.

"வராததை வருதுன்னு எப்படிச் சொல்றது? மத்த நாலு பேரும் அதைத்தானே சொல்றாங்க. அப்போ குறைஞ்சிருக்கும்" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் ஆலையில் இரண்டாவது அடுப்பு கட்டப்போவதாகச் செய்தி வந்தது. முதல் அடுப்பைவிடப் பெரிது. லாரி வருகிற வாசல், பாப்பாவின் பள்ளிக்கூடச் சுவரை ஒட்டினாற்போல. டாக்டரிடம் சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நாத்தம் இல்லேன்னா புகை இல்லேன்னு அர்த்தம் இல்லம்மா. கெடுதல் பண்ற தூசி கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அந்த ஸ்கூல்ல இவளை வெச்சிருக்காதீங்க" என்றார். சுற்று வட்டாரத்தில் இருக்கிற ஒரே பள்ளிக்கூடம் அது.

ஊரின் அந்தப் பக்கத்து நகரசபை மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் என்றார்கள். கமிட்டி சொல்வதை வைத்துத்தான் முடிவு. ஆனால் அதற்கு முன்னால், எல்லோர் எதிரிலும் கமிட்டி மூக்குகளைப் பரிசோதிப்பார்களாம். பாட்டிலைத் திறந்து காட்டுவார்கள், வாசனை வருகிறதா இல்லையா என்று சரியாகச் சொல்லவேண்டும். தேறிய மூக்கின் பேச்சுக்குத்தான் மதிப்பு.

"தேறிட்டு அஞ்சு போடுங்க" என்றேன்.

"எப்படித் தேறுறது?"

"நான் முன்வரிசையில உக்காந்துக்கறேன். வாசனை வந்தா காதைத் தொடுறேன். வரலேன்னா சும்மா இருக்கேன். என்னைப் பாத்துட்டே பதில் சொல்லுங்க."

வெகுநாள் கழித்து அவர் சிரித்தார். "மூக்குக்குக் காது ஜாமீனா?" என்றார். ஏமாற்று வேலைதான். எனக்கு வெட்கமாக இல்லை. பாப்பா மூச்சுக்குத் தவிக்கும்போது எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு, மண்டபத்தையே தூக்கிக் கவிழ்த்திருப்பேன்.

மண்டபத்தில் மின்விசிறிகள் ஓடின. மேசையில் மேடம், பக்கத்தில் ஆலை இன்ஜினியர். தங்கமான மனிதர் அவர். பாப்பாவைப் பார்த்தால் எப்போதும் மிட்டாய் கொடுப்பார். வேறு ஊரிலிருந்து காரில் வந்துபோகிறவர். பின்வரிசையில் கேன்டீன் மேனேஜர் கைகட்டி உட்கார்ந்திருந்தார். நான் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மேசைக்கு நேர் எதிரே, கைக்கெட்டுகிற தூரத்தில் இடம் பிடித்தேன்.

தலைவர் என்பதால் இவரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். இஸ்திரி போட்ட சட்டை, வாரிய தலை. மேடம் முதல் பாட்டிலைத் திறந்து அவர் முகத்தருகே நீட்டினார். அவர் என்னைப் பார்த்தார். எனக்கு ஒன்றும் வரவில்லை. சும்மா இருந்தேன்.

"இல்ல மேடம்."

இரண்டாவது பாட்டில். நான் முன்னால் சாய்ந்து இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சும்மா இருந்தேன்.

"இல்ல மேடம்."

மூன்றாவது பாட்டிலைத் திறக்கும்போதே மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்ஜினியர் கைக்குட்டையை எடுத்தார். அந்தப் பக்கத்துக்காரர்கள் இரண்டு பேர் எழுந்து கதவோரம் போனார்கள். பாப்பா இருமத் தொடங்கினாள். நான் மூச்சை நன்றாக உள்ளே இழுத்தேன். மறுபடி இழுத்தேன். மின்விசிறிக் காற்றுதான் வந்தது. கைக்குட்டையைப் பார்த்தாவது காதைத் தொட்டிருக்கலாம். கை எழும்பவில்லை. திருப்பி அனுப்பப்பட்ட விரிப்புகள், துப்பின டீ, எல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன. பால் கெட்டதை நானும் நாக்கில்தான் கண்டுபிடித்தேன்.

அவர் என் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நம்பிக்கையாக மேடத்தைப் பார்த்து, "இல்ல மேடம், தண்ணிதான்" என்றார்.

மேடம் பாட்டிலை அவசரமாக மூடினார். "ஐயா, இதைத் தொறந்தா எங்க ஆபீஸ்ல ரூமை விட்டே ஓடுவாங்க" என்றார் மெதுவாக.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கூட்டம் இருப்பதை மறந்துவிட்டார். மேனேஜர் இருப்பதையும் மறந்துவிட்டார்.

"உனக்குமா?" என்றார்.

நான் தலையாட்டினேன். அழுகை வந்தது. அடக்கப் பார்க்கவில்லை.

"எனக்கு மூக்கு போச்சு மேடம்" என்று அவர் மேசைப் பக்கம் திரும்பினார். "ரொம்ப நாளாச்சு. என் வீட்டம்மா மூக்கை நம்பி வந்தேன். அவளுக்கும் போச்சுன்னு இப்பத்தான் தெரியுது. நாங்க போட்ட பூஜ்யத்துக்கு நாத்தம் இல்லேன்னு அர்த்தம் இல்ல. எங்களுக்கு மூக்கு இல்லேன்னு அர்த்தம்."

கமிட்டியில் இருந்த பக்கத்து வீட்டுத் தையல்காரர் எழுந்தார். எப்போதும் கிண்டல் பேசுகிறவர், அன்றைக்குக் குரலில் கிண்டல் இல்லை. "எனக்கும் வரலை. அண்ணன் மூக்கர், அவரே பூஜ்யம்கிறாரு, நாம எதுக்கு மூக்கறுபடணும்னு நானும் பூஜ்யம் போட்டேன்" என்றார். மற்ற மூவரும் தரையைப் பார்த்தார்கள். நாங்கள் எல்லோரும் ஒருவர் மூக்கை ஒருவர் நம்பி எங்கள் பிள்ளைகளுக்குக் குழி பறித்திருந்தோம்.

"அப்போ அந்த மார்க்கெல்லாம் செல்லாது" என்றார் மேடம்.

"புகாரும் செல்லாதே மேடம்" என்றார் இன்ஜினியர். அவர் குரலில் சந்தோஷம் இல்லை. கைக்குட்டை இன்னும் கையில்தான் இருந்தது.

"ஒரு தெருவுக்கே மூக்கு போச்சே, அதை எழுதிக்குங்களேன்" என்றேன் நான்.

மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எழுதுறேன்மா. ஆனா எதுல சேர்க்கிறதுன்னு தெரியலை. நாத்தத்துக்குத்தான் இந்தக் கூட்டம். உடம்புக்கு வேற ஆபீஸ்." கடைசியில், வெளியூரிலிருந்து புதிய மூக்குகளைக் கொண்டுவந்து மறுபடி பார்ப்பது, அதுவரை முடிவைத் தள்ளிவைப்பது என்று சொன்னார்கள். அடுப்பு நிற்கவில்லை, தள்ளிப்போனது. அதுவே பெரிசு என்று சிலர் கைதட்டினார்கள். எனக்குக் கை தூக்கத் தெம்பில்லை. வெளியூர்க் காற்றில் கொஞ்ச நாள் இருந்தால் சிலருக்கு மூக்கு திரும்பும், சிலருக்குத் திரும்பாது என்றார் மேடம். வெளியூரில் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

வாசலில் மேனேஜர் நின்றிருந்தார். "நாளைக்கு வாங்க. அடுப்புப் பக்கம் வேணாம், காய் நறுக்குங்க. அப்புறம் பாப்போம்" என்றார். திட்டியிருந்தால் தேவலை. என் வீட்டுக்காரர் சரி என்று தலையாட்டினார்.

பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தோம். பாப்பாவைத் தோளில் போட்டிருந்தார். அவள் கண்ணை மூடி, அவர் கழுத்தில் முகம் புதைத்துக் கிடந்தாள். தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். மருந்துக்கடையைத் தாண்டினோம், ரொட்டிக்கடையைத் தாண்டினோம். எங்கள் தெருமுனை திரும்பவில்லை, இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது. அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"வீடு வந்துடுச்சுப்பா."

அவர் நின்றார். "கண்ணை மூடிட்டிருக்கே, எப்படித் தெரியும்?"

"வாசனை வருதுல்ல."

"என்ன வாசனைடா?"

"நம்ம வீட்டு வாசனை" என்றாள், இதுகூடத் தெரியாதா என்பது போல. சொல்லிவிட்டு இருமினாள்.

அவர் தலையைத் தூக்கி மூச்சை இழுத்துப் பார்த்தார். நானும் இழுத்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றுமே வரவில்லை.