ஜன்னலடி எலுமிச்சை

கிட்ட வாருங்கள் கண்ணுகளா. சுவரோரம் சாய்ந்திருக்கிறவர்களும் கொஞ்சம் நகர்ந்து வாருங்கள், இது கத்திச் சொல்கிற கதை இல்லை. சத்தமே போடாமல் ராப்பகலாக உழைக்கிற ஒன்றைப் பற்றிய கதை. அது ஒரு உடம்பிலிருந்து கிளம்பி இன்னொரு உடம்புக்குக் குடிபோனது. போன இடத்தில் என்ன ஆனது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

ஒரு அண்ணன், ஒரு தங்கை. அண்ணனுக்குத் தொழில் செடி ஒட்டுக்கட்டுவது. அவர் பெயர் வீட்டுக்காரர்களுக்கே மறந்துபோயிருக்கும், ஒட்டுக்காரர் என்றால்தான் தெரியும். முரட்டு எலுமிச்சைக் கன்று ஒன்றின் தலையைச் சீவி, நடுவில் பிளந்து, நல்ல ஜாதிக் குச்சியை ஆப்பு மாதிரி செதுக்கி உள்ளே செருகுவார். பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிச் சுற்றுவார். அப்புறம் ஒன்றும் செய்ய வேண்டாம், அவை இரண்டும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். கீழே இருக்கிறது மண்ணிலிருந்து உறிஞ்சும் தண்ணீர் மேலே இருக்கிறதன் இலைக்கு ஏறும். மேலே இருக்கிறது வெயிலில் சமைக்கும் சாப்பாடு கீழே வேருக்கு இறங்கும். முன்பின் பார்த்திராத இரண்டு, ஒன்றுக்கொன்று ஊட்டிக்கொண்டு காலம் தள்ளும்.

தங்கை பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். வருஷா வருஷம் கரும்பலகையில் அவரை விதை போல ஒரு படம் போட்டு, "இதுதான் சிறுநீரகம்" என்று சொல்கிறவள். தன் கையால் அத்தனை தடவை வரைந்த ஒன்றைத் தன் வயிற்றிலிருந்தே எடுத்துக் கொடுக்க வேண்டி வரும் என்று அவள் நினைத்ததில்லை.

அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. சில வருஷமாக இயந்திரத்தோடுதான் வாழ்க்கை. ஊசி வழியாக ரத்தத்தை வெளியே எடுத்து, கழுவி, திரும்ப உள்ளே விடுவார்கள். பெரிய அலமாரி அளவு இயந்திரம் மூச்சு முட்ட அரைநாள் செய்கிற வேலையை, உள்ளங்கையில் அடங்குகிற ஒன்று நாம் தூங்கும்போதும் செய்துகொண்டிருக்கிறது என்பதை அப்போதுதான் அந்த வீடு உணர்ந்தது. குடித்த தண்ணீருக்கு வெளியேற வழியில்லை, கால் வீங்கும், மூச்சுத் திணறும். அதனால் அவருக்குத் தண்ணீர் மிடறுக் கணக்கு. நாள் முழுக்கச் செடிகளுக்குக் குடம் குடமாக ஊற்றுகிற மனுஷன், நாக்கடியில் ஐஸ் துண்டை வைத்துக்கொண்டு தாகத்தை ஏமாற்றுவார்.

தங்கை தருகிறேன் என்றபோது அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை.

"உன்கிட்ட இருந்து பிடுங்கித்தான் நான் பிழைக்கணுமா?"

"சின்ன வயசுல என் மிட்டாயெல்லாம் பிடுங்கித் தின்னியே, அப்ப இந்த ரோஷம் எங்க போச்சு? எனக்கு ரெண்டு இருக்கு. பேசாம வாங்கிக்கோ."

வாங்கிக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து டாக்டரம்மா வெளியே வந்து, அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை அண்ணி இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறாள். வெளுத்துக் கிடந்ததாம் அது. ரத்தத்தைத் திறந்துவிட்டதும் கன்னம் சிவக்கிற மாதிரி சிவந்ததாம். அங்கேயே, மேஜை மேலேயே, வேலையைத் தொடங்கிவிட்டதாம். யாரும் அதற்குப் பாடம் சொல்லவில்லை, இது உன் வீடில்லை என்றும் சொல்லவில்லை. ரத்தம் வந்தது, வடிகட்டியது. அவ்வளவுதான்.

"இவ்வளவு நாளா உன்ன வெறும் படமாத்தானே போட்டேன்" என்று தங்கை தன் விலாவைத் தடவிக்கொண்டு சொன்னாள். அவளிடம் மிச்சமிருந்த ஒன்று, இரண்டின் வேலையையும் தானே இழுத்துப்போட்டுக்கொண்டு, மெல்லக் கொஞ்சம் பெரிதாகவும் ஆகும் என்றார்கள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தார்கள். தங்கையும் உடம்பு தேற அண்ணன் வீட்டிலேயே தங்கினாள். அண்ணனுக்குப் பின்பக்கத்து அறை. யாரையும் உள்ளே விடக்கூடாது, மண்ணைத் தொடக்கூடாது. புதிதாக வந்த சிறுநீரகத்தை உடம்பு விரட்டிவிடாமல் இருக்க, மாத்திரை உடம்பின் காவலாட்களைக் கொஞ்சம் தூங்கவைத்திருந்தது. அந்த நேரம் பார்த்து மண்ணிலிருக்கும் கிருமி நுழைந்துவிடக்கூடாது. பாவம், ஜன்னல் வழியாகத் தன் நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஜன்னலுக்கு நேர் கீழே, கூரைச் சரிவின் அடியில், தொட்டியில் ஒரு எலுமிச்சை. அவர் தொழில் பழகிய காலத்தில் கட்டிப் பிழைத்த ஒட்டு.

டாக்டரம்மா முக்கியமாகச் சொன்னது ஒன்றுதான். தண்ணீர். நிறையக் குடிக்கவேண்டும், மிடறுக் கணக்கெல்லாம் போன கதை. அண்ணி பாட்டிலை நிரப்பி ஜன்னல் மேடையில் வைப்பாள், திரும்பிவந்தால் காலியாக இருக்கும். அவளுக்குப் பெருமை தாங்காது.

ஆனால் ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய உப்பு ஏறியது. அடுத்த தடவை இன்னும் ஏறியது. சிறுநீர் குறைந்து, கறுத்துப் போனது.

"தண்ணி ஒழுங்கா குடிக்கிறாரா?"

"பாட்டில் பாட்டிலா காலி பண்றார் டாக்டர்."

டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. "அப்ப உடம்பு அதை ஏத்துக்கலையோன்னு பாக்கணும். திங்கட்கிழமை வந்து சேருங்க. ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பாத்துடலாம்."

அன்றிலிருந்து தங்கைக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணனுக்குப் பழையபடி இயந்திரமா? தான் கொடுத்தது அங்கே ஒண்டியாகக் கிடந்து சாகிறதா? விலாவில் தழும்பு இழுக்கும்போதெல்லாம் அதைத் தொட்டுப் பார்ப்பாள், கட்டிக்கொடுத்த பெண்ணைப் பற்றிக் கெட்ட செய்தி வந்த தாய் மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனசு ஓடாமல் பின்பக்கம் நடந்தாள். ஜன்னலடி எலுமிச்சை இலையெல்லாம் மஞ்சளித்துத் தொங்கியது. பாவம், யாரும் கவனிக்காமல் காய்கிறது என்று தண்ணீர் எடுக்கப் போனவள், மண்ணில் விரல் வைத்துப் பார்த்தாள். சொதசொத என்றிருந்தது. மேலே பாசி. சாக்கடை நாற்றம். செடி காயவில்லை, மூழ்கிக்கொண்டிருந்தது. வேரும் மூச்சுவிட வேண்டும் அல்லவா? மண்ணின் இடுக்கில் இருக்கும் காற்றைத்தான் அது குடிக்கிறது. இடுக்கெல்லாம் தண்ணீர் நின்றால் வேர் திணறி அழுகும், அழுகின வேர் நீர் ஏற்றாது. தண்ணீரிலேயே நின்றுகொண்டு இலை தாகத்தில் வாடும்.

"அண்ணி, இந்தத் தொட்டிக்குத் தண்ணி ஊத்தினீங்களா?"

"எனக்கு உங்கண்ணனுக்கு ஊத்தவே நேரமில்ல, இதுல தொட்டிக்கு வேறயா?"

கூரைக்கு அடியில் இருப்பதால் மழையும் படாது. தங்கை நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னல் விளிம்பிலிருந்து தொட்டி வரை, சுண்ணாம்புச் சுவரில் ஒரு பழுப்புக் கோடு. தண்ணீர் வழிந்து வழிந்து விழுந்த தடம்.

கைகழுவி, முகமூடி மாட்டி அறைக்குள் போனாள்.

"அண்ணா. அந்த பாட்டில யாரு காலி பண்றது, நீயா எலுமிச்சையா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். திருட்டுப் பூனை மாதிரி முழித்தார்.

"திட்டாத. நான் தெரியாம செய்யல. ஒட்டு கட்டினா தண்ணிய அடக்கணும். சேர்ந்த எடத்துல ஈரம் நின்னா அழுகிடும். எத்தனை செடி இந்தக் கையால பாத்திருக்கேன்."

"டாக்டர் சொன்னது காதுல விழலையா?"

"அவங்களுக்கு ஆபரேஷன் தெரியும், ஒட்டு பிடிக்கிறது எனக்குத்தான் தெரியும்னு நினைச்சேன்." குரல் இறங்கியது. "உன்னோடது அது. என் உடம்புல இருந்து அழுகிப்போனா, உன் மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது? உப்பு ஏறினதும் இன்னும் பயந்துட்டேன். உள்ள ஈரம் நின்னுடுச்சுன்னு நினைச்சு, குடிச்சிட்டிருந்த ஒரு மடக்கையும் குறைச்சேன்."

கோபமாக வந்தவளுக்கு அந்த இடத்தில் கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"சரி, ஒட்டுக்காரரே. ஒண்ணு கேக்குறேன். நீ நாடா சுத்துறது எதுக்கு?"

"சேர்ந்த எடத்துல வெளித்தண்ணி இறங்காம இருக்க."

"அப்ப அந்தச் செடியோட வேருக்கு?"

"வேருக்கு ஈரம் வேணும். வேர் காஞ்சா கீழேருந்து எது ஏறும்? மேல வச்ச குச்சி ஒரே நாள்ல..."

அங்கேயே நின்றுவிட்டார். கையைத் தூக்கி, அடிவயிற்றின் ஓரத்தில் தையல் போட்ட இடத்தில் வைத்தார். வெளியே காயவேண்டியது எது, உள்ளே ஓடவேண்டியது எது என்று ஆயுசு முழுக்கப் பிரித்துப் பார்த்த கை அது.

"வேரைத்தானே காயப் போட்டுட்டேன்" என்றார்.

"நல்லாவே காயப் போட்டுட்ட. டாக்டருக்கு இப்பவே போன் பண்றேன். நீ குடி."

டாக்டரம்மா முதலில் திட்டினார், அப்புறம் பெருமூச்சு விட்டார், அப்புறம் கிளம்பி வரச் சொன்னார். ஆஸ்பத்திரியில் கையில் நீர் ஏற்றினார்கள், வாயிலும் கொடுத்தார்கள். இத்தனை வருஷம் மிடறுக்கு ஏங்கின மனுஷன் முதல் தம்ளரைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். தொண்டையில் இறங்கிய தண்ணீர் குடலில் ஊறி, ரத்தத்தில் கலந்து, இதயம் தள்ளத் தள்ள, தங்கை கொடுத்த அந்த அவரை விதையின் வாசலுக்குப் போயிற்று. அங்கே லட்சக்கணக்கான முடிச்சுகள், கண்ணுக்குத் தெரியாத சல்லடைகள். வேண்டியதைத் திருப்பி அனுப்பி, வேண்டாததைச் சொட்டுச் சொட்டாக ஒதுக்குகிறவை. காய்ந்து கிடந்தவை நனைந்தன.

சாயங்காலம் அவர் கழிவறைக்குள் போனார். வெளியே அண்ணி, தங்கை, நர்ஸ் மூவரும் கதவில் காதை வைக்காத குறை. சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

"வீட்டுப் பொம்பளைங்க இதுக்கெல்லாமா காவல் நிப்பாங்க?" என்று உள்ளேயிருந்து குரல்.

"அது என்னோடது. வேலை பாக்குதான்னு நான் பாக்க வேண்டாமா?" என்றாள் தங்கை.

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீரோடு. திங்கட்கிழமை ரத்தத்தில் உப்பு இறங்கியிருந்தது. அடுத்த நாள் இன்னும் இறங்கியது. ஊசியைத் திரும்ப உறைக்குள் போட்டுவிட்டார் டாக்டரம்மா.

எலுமிச்சை பிழைக்கவில்லை. தங்கை தொட்டியைக் கவிழ்த்து, கறுத்த வேரை வெட்டி, காய்ந்த மணலில் நட்டுப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அவர் ஜன்னலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே பாட்டிலை அண்ணாந்து குடித்தார்.

"எனக்குப் பதிலா குடிச்சுக் குடிச்சே போச்சு பாவம்" என்றார்.

போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டுக் குடம் நிறைந்திருக்கட்டும். குடித்த தண்ணீர் போகவேண்டிய வழியில் போகட்டும், இழுத்த மூச்சு இழுத்தபடி வரட்டும். உள்ளே உழைக்கிறவை எல்லாம் உங்களுக்குத் தெரியாமலேயே உழைத்துக்கொண்டிருக்கட்டும். வாசலில் இருக்கிற செடியும் உங்களோடு சேர்ந்து தழைக்கட்டும்.