அப்பாவிடம் யாராவது பேசினார்களா?

ஆர்விட் டூசெட் இறந்த அன்று ஏரியின் வடகரை முழுக்க உறைமழை, விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாகும் மழை. மின்கம்பங்கள் சாய்ந்தன, சாலைகள் கண்ணாடியாகிவிட்டன. தனியாக இருந்தவர். நெஞ்சுவலி வந்ததும் அவசர உதவிக்குப் போன் செய்திருக்கிறார். ஆம்புலன்ஸ் வரவில்லை. பாதை திறந்த பிறகு மகள் கொரின் போய்ப் பார்த்தபோது சமையலறைத் தரையில் கிடந்தார். கைப்பேசியில் பதினோரு நிமிட அழைப்பு ஒன்று இருந்தது.

அந்த அழைப்பில் என்ன நடந்தது என்பதுதான் கொரினின் கேள்வி. ஆபரேட்டர்கள் யாரும் ஓய்வாக இல்லையென்றால் அவசர உதவி மையத்துக்கு எங்கள் நிறுவனம் கொடுத்திருந்த மென்பொருளே அழைப்பை எடுத்து, காத்திருக்கும்படி பதிவுக் குரலில் சொல்லிக்கொண்டிருக்கும். அப்பா கேட்டது அந்தக் குரலை மட்டும்தானா, அல்லது ஒரு மனிதர் அவரிடம் பேசினாரா? ஆபரேட்டர்களுக்கு நினைவில்லை. மாவட்ட அலுவலகம் அவளை எங்களிடம் அனுப்பிவிட்டது.

அவள் அழைப்பு மார்லிஸ் ஹாகனிடம் வந்தது. எனக்கு அடுத்த மேசை. அழைப்பு வந்தது, காத்திருந்தது, எடுக்கப்பட்டது என ஒவ்வொன்றும் ஒரு வரியாகப் பதிவாகும். அந்த வரிகளைத் திரட்டி மைய சர்வருக்கு அனுப்பும் சின்ன மென்பொருள் மார்லிஸின் பொறுப்பு. அதை எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார்.

மார்லிஸ் தேடினாள். புயல் உச்சத்தில் இருந்த நேரத்துக்கு ஒரு வரிகூட இல்லை.

"சர்வருக்குப் போற லைன் மெதுவானதும் எல்லாத்தையும் மெமரியிலேயே பிடிச்சு வெச்சிருக்கு. அது நிரம்பினதும் பழசைத் தூக்கிப் போட்டிருக்கு" என்றாள். "போன் வேலை செய்யறது தடைபடக் கூடாதுன்னு அப்படி எழுதியிருக்காங்க."

"நியாயம்தானே?" என்றேன்.

"நியாயம்தான். இதை அந்தப் பொண்ணுகிட்ட நீ சொல்றியா?"

அவளே சொன்னாள். மறுமுனையில் கொரின் கேட்டது என் காதிலும் விழுந்தது: "இதைச் சரி பண்ண முடியுமா?"

"முடியும். பண்றேன்" என்றாள் மார்லிஸ்.

அந்தக் கோடை முழுக்க அவள் வேறெதையும் செய்யவில்லை. ஒவ்வொரு வரியையும் முதலில் டிஸ்க்கில் எழுதிவிட்டு, மைய சர்வர் 'கிடைத்தது' என்று சொன்ன பிறகே அழிக்கும்படி மாற்றினாள். பத்திரமாக இருந்தது, ஆனால் இயந்திரமே திணறியது.

"மார்லிஸ், இது ஆமை மாதிரி ஊருது. இதை எந்த மாவட்டத்தோட தலையில கட்டறது?" என்றார் மேலாளர் ப்ரென்ட்.

வரிகளைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்து, சுருக்கி, ஒரே மூச்சில் எழுத வைத்தாள். வேகம் திரும்பியது. அப்புறம், மின்சாரம் போனாலும் வரிகள் தங்குமா என்று, ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தாள். முதலில் சில வரிகள் தொலைந்தன. திருத்தியதும் சில வரிகள் இரண்டிரண்டாக வந்தன. அதையும் திருத்தினாள். நடுநடுவே கொரின் போன் செய்வாள். "எவ்வளவு தூரம் வந்திருக்கு?" என்று மட்டும் கேட்பாள். மார்லிஸ் பொறுமையாகச் சொல்வாள்.

நவம்பரில் அடுத்த புயல் வந்தது. ஒரு வரிகூடத் தொலையவில்லை. சிலரின் அழைப்பு எவ்வளவு நேரம் கேட்பாரற்றுக் காத்திருந்தது என்பது முதல்முறையாக வெளிச்சத்துக்கு வந்தது. புயல் நாட்களில் கூடுதல் ஆபரேட்டர்களை வைக்க மாவட்டம் ஒப்புக்கொண்டது. ப்ரென்ட் டோனட் வாங்கி வந்தார்.

மார்லிஸ் இதை கொரினிடம் நேரில் சொல்ல விரும்பினாள். என் வண்டியில் போனோம். கொரின் அப்பாவின் வீட்டில்தான் இருந்தாள். காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"சரி பண்ணிட்டேன்" என்றாள் மார்லிஸ். "இனிமே எதுவும் தொலையாது."

"அப்போ சொல்லுங்க. யாராவது பேசினாங்களா?"

மார்லிஸ் என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவளுக்கும்தான்.

"கொரின், அன்னிக்குப் போன வரிங்க போனதுதான். அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. நான் சரி பண்ணினது இனிமே வர்றதுக்கு."

"சரி பண்ணினா அது திரும்ப வந்துரும்னு நெனச்சேன்" என்றாள் கொரின். குரலில் கோபமில்லை. "நீங்க சரி பண்றேன்னு சொன்னப்போ அதைத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

"நான் இன்னும் தெளிவாச் சொல்லியிருக்கணும்."

"நானும் கேக்கலையே."

காபி ஆறிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஏரி சாம்பல் நிறத்தில் கிடந்தது. யாராவது பேசியிருப்பார்கள் என்று ஆறுதலுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மார்லிஸ் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

கொரின்தான் எழுந்தாள். "வீட்டை வசந்தத்திலேயே வித்திருக்கணும். பதில் வரட்டும்னு வெச்சிருந்தேன்" என்றாள். "ரெண்டு பேர் வந்திருக்கீங்க. ஒரு உதவி பண்ணுங்க. அவரோட நாற்காலியை என்னால தனியாத் தூக்க முடியலை."

சாய்வு நாற்காலி; கைப்பிடித் துணி தேய்ந்து நூல் தெரிந்தது. நானும் மார்லிஸும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். வாசற்படியில் பனி வழுக்கியது. "மெதுவா, இடது பக்கம் வாங்க" என்று கொரின் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவளுடைய டிரக்கில் நாற்காலியை ஏற்றி, கயிறு கட்டி, மேலே ஒரு தார்ப்பாயைப் போட்டோம்.