வால் கேள்வி

தேவிப்ரியாவுக்கு அமைந்த வரன் தட்டிப் போனதற்கு ஜாதகம் காரணமில்லை, நிறம் காரணமில்லை, நகை நட்டும் காரணமில்லை. ஒரே ஒரு 'எஸ்'தான் காரணம். அதையும் அவள் சிரித்துக்கொண்டே சொல்லித் தொலைத்தாள்.

மாப்பிள்ளை கோபி மெல்போர்னில் பிறந்து வளர்ந்தவன். அவன் அப்பா கீழ்பென்னாத்தூர்க்காரர், இவர்களுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். பையனுக்குத் தமிழில் சாப்பாடு, தண்ணி, போதும் என்ற சொற்கள் நன்றாக வரும். அதற்கு மேல் போனால் திருதிருவென்று விழிப்பான். தேவிப்ரியாவோ தமிழ் மீடியத்தில் பி.எஸ்சி. கணக்கு படித்துவிட்டு, திருவண்ணாமலையில் ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குப் பின்னங்களும் தசமங்களும் நடத்திக்கொண்டிருந்தாள். நடுவில் பாலம் வேண்டுமே. வரனைக் கொண்டுவந்த தாய்மாமன் குமரேசன்தான் அவளை இங்கிலீஷ் கிளாஸில் சேர்த்துவிட்டார்.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி, ஒரு ஜூஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த கிளாஸ். 'ஃபவுண்டேஷன் லெவல்' என்று போர்டு. நடத்துகிறவள் ரேவதி. முப்பது வயது, ஸ்கூட்டர், எப்போதும் எங்கோ போகிற அவசரம். மாணவர்களின் சொந்தக் கதை எது காதில் விழுந்தாலும் அடுத்த நிமிடம் அது போர்டில் உதாரண வாக்கியமாக ஏறிவிடும். லாட்ஜ் மேனேஜர் ஒருவருக்கு மாமியாரோடு சண்டை என்று தெரிந்ததும் ஒரு வாரம் முழுக்க அந்த மாமியாரை வைத்தே இறந்த காலம் நடத்தினாள்.

"பத்தியை முதல்ல முழுசா படிங்க. கேள்வியை அப்புறம் பாருங்க. வார்த்தைய பார்த்து பதில் எழுதாதீங்க, என்ன நடந்துச்சுன்னு பார்த்து எழுதுங்க," என்பாள். கூடவே இன்னொன்றும் சொல்லிவைத்திருந்தாள். "பேசறப்ப பயமா இருந்தா எஸ்ஸுன்னு ஆரம்பிங்க. மீதி தானா வரும்."

தேவிப்ரியாவுக்கு அது தானாகத்தான் வந்தது, வேறு மாதிரி.

மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு கோபி அவளோடு தனியாகப் பேச வேண்டும் என்றான். ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டை மாடியில் நின்று வீடியோ காலில் பேசினாள். பின்னால் மலை. அவளுக்காக அவன் சொல் சொல்லாக, நிறுத்தி நிறுத்திப் பேசினான். பிடித்த சாப்பாடு, வேலை, அங்கே அடிக்கும் குளிர். முக்கால்வாசி புரிந்தது. புரியப் புரிய அவளுக்குத் தலைகால் தெரியவில்லை. அவன் சிரித்தால் முகம் முழுக்கச் சிரிப்பான். அவனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று, இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. அங்கே போய் மேற்கொண்டு படிக்க முடியுமா என்று அடுத்த முறை கேட்க வேண்டும் என்றுகூட நினைத்துக்கொண்டாள்.

கடைசியில் அவன் முகத்தைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்து கேட்டான். "தே ஆர் நாட் ஃபோர்சிங் யூ, ஆர் தே?"

உன்னை அவங்க கட்டாயப்படுத்தலையே என்று கேட்கிறான். எவ்வளவு நல்ல பையன். கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த அந்த 'ஆர் தே' எதற்கென்று அவளுக்குத் தெரியவில்லை, விட்டுவிட்டாள். நம்மில் யாராவது "சாப்பிடலையா?" என்று கேட்டால் "ஆமா, சாப்பிடலை" என்போமே, அதே வழக்கத்தில், "ஆமா, கட்டாயப்படுத்தலை" என்று மனதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டு, வாயில், "எஸ், எஸ்!" என்றாள்.

அவன் சிரிப்பு நின்றது. "தேங்க்யூ ஃபார் டெல்லிங் மீ," என்றான். இங்கிலீஷ்காரர்கள் எதற்கெடுத்தாலும் நன்றி சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு அவளும் ஒரு தேங்க்யூ சொன்னாள்.

புதன்கிழமை மாமா வந்தார். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

"பையன் வேணாங்கறானாம். பொண்ணுக்கு இஷ்டமில்லையாம், ஊட்டுல கட்டாயப்படுத்தறாங்களாம். அவளே சொன்னாளாம்!"

"நான் அப்படிச் சொல்லவே இல்ல மாமா."

"அப்ப அவன் பொய் சொல்றானா? எங்க அந்த போனு, குடு இங்க."

போன் மாமாவின் சட்டைப் பைக்குள் போயிற்று. அம்மா சந்திரகலா சமையலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா கண்ணாயிரம், பம்ப் செட் சாமான் கடையில் எத்தனையோ மோட்டார்களின் கோளாறைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிறவர், மகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினார்.

தேவிப்ரியாவுக்கு உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. என்ன சொன்னோம்? மொட்டை மாடியில் பேசியதை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். பிடித்த சாப்பாடு எலுமிச்சை சாதம் என்றாள். அதில் என்ன தப்பு? மாலை கிளாஸுக்குப் போனதும், மற்றவர்கள் வருவதற்குள் ரேவதியிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள்.

கடைசிக் கேள்வி வந்ததும் ரேவதி துள்ளி எழுந்தாள். "அய்யோ, வால் கேள்வி! அது அடுத்த யூனிட்டுலதான வருது!"

போர்டில் எழுதியே காட்டினாள். முன்னால் ஒரு வாக்கியம், பின்னால் குட்டியாக 'ஆர் தே' என்று ஒரு வால். "நம்ம ஊர்ல கேள்விக்கு ஆமா போடறோம். இங்கிலீஷ்ல நடக்கறதுக்கு ஆமா போடணும். கட்டாயப்படுத்தினா எஸ், தே ஆர். கட்டாயப்படுத்தலைன்னா நோ, தே ஆர் நாட். கேள்வியை எப்படி வேணா கேக்கட்டும், அத கண்டுக்கவே கூடாது. நீ வெறும் எஸ்ஸுன்னா கட்டாயப்படுத்தறாங்கன்னு அர்த்தம். எவ்ளோ அருமையான எக்ஸாம்பிள் தேவி! நான் வருஷா வருஷம் இத சொல்லுவேன்."

அவள் கல்யாணம் உடைந்து கிடக்கிறது, இவளுக்கு எக்ஸாம்பிள். ஆனாலும் தேவிப்ரியாவுக்குக் கோபம் வரவில்லை. நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது. ஒரு சொல் தப்பு, அவ்வளவுதானே. ஷேர் ஆட்டோவில் வீடு வந்து சேர்வதற்குள், கோபிக்கு அனுப்ப வேண்டிய செய்தியை மனதுக்குள் எழுதித் திருத்தி, மறுபடி எழுதியும் முடித்திருந்தாள்.

"கிராமர் தப்புமா! நோன்னு சொல்ல வேண்டியது, எஸ்ஸுன்னுட்டேன்!"

வீட்டில் விளக்கு போட்டது போலாயிற்று. மாமா உடனே கோபியின் அப்பாவைக் கூப்பிட்டு அரை மணி நேரம் சிரித்துச் சிரித்துப் பேசினார். வருகிற ஞாயிறு பையன் இன்னொரு முறை பேசுவான் என்று முடிவாயிற்று.

"போனைக் குடுங்க மாமா, நானே இப்பவே அவருக்குச் சொல்லிடறேன்."

"நீ தனியா பேசி கிழிச்சது போதும். ஞாயித்துக்கிழமை நாங்க பக்கத்துல இருப்போம். நோன்னு ஒரு வார்த்தை, அதுக்கு மேல வாயத் தொறக்காத."

"மேல படிக்கலாமான்னு ஒண்ணு கேக்கணும்."

"அதெல்லாம் தாலி ஏறினப்புறம் கேட்டுக்கோ."

வியாழக்கிழமை காலை அவள் பள்ளிக்குக் கிளம்பி நின்றபோது, போக வேண்டாம் என்றாள் அம்மா. மாமா நேற்று ராத்திரியே பள்ளிக்கூட ஹெச்.எம்.முக்குப் போன் பண்ணி, பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது, இனி வரமாட்டாள் என்று சொல்லிவிட்டாராம்.

"என்ன ஒரு வார்த்தை கேக்காமயா?"

"கேக்க என்னா இருக்கு? எப்படியும் விடப்போற வேலைதான?"

தசமப் பெருக்கல் பாதியில் நிற்கிறது. புள்ளியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும். அவள் பையைத் தோளிலிருந்து எடுக்காமலே கூடத்துக்கும் கொல்லைக்கும் நடந்தாள். அப்பாவிடம் போய் நின்றாள். அவர் தட்டிலிருந்து நிமிரவில்லை. "மாமா சொல்றத கேளு பாப்பா. நம்ம நல்லதுக்குத்தான்," என்றார்.

வெள்ளிக்கிழமை கிளாஸும் நின்றது. வெளியே போனால் யார் யார் என்ன கேட்பார்களோ என்று அம்மாவுக்குப் பயம். பஜாருக்கு இல்லை, கோயிலுக்கு இல்லை. மாடிக்குப் போனால்கூடப் பின்னாலேயே ஒரு காலடிச் சத்தம் வந்தது. அவள் எழுந்தால் அம்மா எழுந்தாள், அவள் உட்கார்ந்தால் அம்மா உட்கார்ந்தாள். மாமா காலையிலும் மாலையிலும் வந்து பரீட்சை வைத்தார்.

"தே ஆர் நாட் ஃபோர்சிங் யூ?" என்பார். வால் அவருக்கு வராது.

"நோ."

"சத்தமா சொல்லு."

"நோ."

"சிரிச்சிட்டு சொல்லு பாப்பா. மூஞ்சிய தூக்கி வெச்சிக்காத, அவன் வேற மாதிரி நெனைச்சிக்கப் போறான்."

அம்மா அண்ணாமலையாருக்கு வேண்டிக்கொண்டாள். என் பெண் வாயில் 'நோ' என்று வந்துவிட்டால் பௌர்ணமிக்கு இரண்டு முறை மலை சுற்றுகிறேன். மகள் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொண்ட தாய் இந்த ஊரில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

சனிக்கிழமை தேவிப்ரியா கேட்டேவிட்டாள். "மா, ஒருவேள எனக்கு வேணாம்னு தோணுச்சுன்னா?"

அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. கோபியை இப்போதும் பிடித்துத்தான் இருந்தது. அவன் முகத்தைப் பார்த்து அந்தப் படிப்பு விஷயத்தைக் கேட்க வேண்டும், அவன் என்ன சொல்கிறானென்று பார்க்க வேண்டும் என்றுதான் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனாலும் கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "வேணாம்னு சொல்லிப்பாரு. அன்னையோட நான் செத்தேன்னு வெச்சிக்கோ. எங்கண்ணன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

அன்று ராத்திரி அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. போன ஞாயிறு யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை, எஸ் என்றது தப்பு. அந்தத் தப்பைத் திருத்துகிறோம் என்று வந்தவர்கள் இந்த வாரம் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள்? சரியான விடையைத்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கணக்கைத்தான் மாற்றிவிட்டார்கள்.

ஞாயிறு காலை கூடத்தில் டீப்பாய் மேல் ஒரு பிளாஸ்க்கை வைத்து அதில் போனைச் சாய்த்தார்கள். அவளுக்குப் பட்டுப் புடவை. மாமா படத்தில் விழாதபடி ஒதுங்கி உட்கார்ந்தார், ஆனாலும் முழங்கால் தெரிந்தது. அப்பா வாசல் கதவோரம். ஏதாவது தடுமாறினால் எடுத்துக்கொடுக்க ரேவதியையும் அம்மா வரவழைத்திருந்தாள். ரேவதி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி நுனியில் ஸ்கூட்டர் சாவியோடு உட்கார்ந்து, போர்டும் சாக்பீஸும் இல்லாமல் என்ன செய்வதென்று தெரியாதவள் மாதிரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

திரையில் கோபி வந்தான். முடி வெட்டியிருந்தான். அவனைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை நினைத்தாலே துக்கமாகவும் இருந்தது. ஒரு சொல். நோ என்றால் இவன் சிரிப்பான், எல்லோரும் சிரிப்பார்கள், தை மாதம் கல்யாணம். ஆனால் காலமெல்லாம் இவன் எதைக் கேட்டாலும் மாமாவின் முழங்கால் பக்கத்தில் இருக்கும்.

"லாஸ்ட் டைம் யூ செட் எஸ்," என்றான் அவன், அதே நிதானத்தோடு. "மை டேட் சேஸ் இட் வாஸ் எ மிஸ்டேக்."

"எஸ். இட் வாஸ் எ மிஸ்டேக்," என்றாள் தேவிப்ரியா. உண்மைதான். மாமா திருப்தியாகத் தலையாட்டினார்.

"ஸோ, தே ஆர் நாட் ஃபோர்சிங் யூ." அவன் ஒரு நொடி நிறுத்தினான். "ஆர் தே?"

அம்மாவின் உதடுகள் குவிந்து 'நோ' என்று சத்தமில்லாமல் சொல்லிக்காட்டின. மாமா விரலை ஆட்டினார்.

"எஸ்," என்றாள் அவள். பிறகு முழு வாக்கியமாகவே சொன்னாள். "எஸ், தே ஆர். நௌ, தே ஆர்."

"அய்யய்யோ, திரும்பியும் எஸ்ஸுன்னுட்டாளே!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "இவ்ளோ தரம் சொல்லிக்குடுத்தும் மண்டையில ஏறலியா?" என்று மாமா கத்திக்கொண்டே எழுந்தார், அவரும் முழுசாகப் படத்துக்குள் வந்துவிட்டார். கோபி போனை வைக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மா ரேவதியின் கையைப் பிடித்து உலுக்கினாள். "நீங்களே அந்த தம்பிக்கு எடுத்துச் சொல்லுங்க டீச்சர். எம்பொண்ணு சரியா சொல்லலைதானே?"

ரேவதி தேவிப்ரியாவைப் பார்த்தாள். சாவி கைதவறிக் கீழே விழுந்தது, அவள் எடுக்கவில்லை.

"இல்லைங்கம்மா," என்றாள். "சரியாத்தான் சொன்னா."