காந்திமதிநாதன் அஞ்சலி இதழ்

காந்திமதிநாதன் அண்ணாச்சி நெஞ்சுவலியோடு பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவருக்கு அஞ்சலி இதழ் தயாரித்தவள் நான்தான். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அவர் ஏற்படுத்தி வைத்த வழக்கம் அது. அவர் நடத்தும் ‘தலைமதகு’ மாத இதழில் எழுதிய யார் இறந்தாலும் அடுத்த இதழ் அவருக்கு அஞ்சலியாக வந்துவிட வேண்டும். துட்டி வீட்டில் மாலையைப் போட்ட கையோடு, அங்கே நிற்கிற நாலு எழுத்தாளர்களை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், “வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டுரை வந்துரணும் வே” என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். ஒரு மாதம் ஆறப்போட்டால் அழுகை போய்விடும், வெறும் புகழ்ச்சிதான் மிஞ்சும் என்பது அவர் கட்சி.

அன்றைக்கு டாக்டர் வெளியே வந்து, “சொந்தக்காரங்களுக்குச் சொல்லிருங்க” என்றார். அண்ணாச்சியின் மனைவி அன்னத்தாய் மதினி பெஞ்சில் உட்கார்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் மதாரும் வராந்தாவில் நின்றோம். மதார் மேலப்பாளையத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறவர். கதை எழுதுவார். எனக்கு முன்பிருந்தே பத்திரிகைக்கு ஓடியாடி வேலை பார்க்கிறவர்.

“சித்ரா, இதழு அடுத்த வாரம் அச்சுக்குப் போவணும்லா? ஏன் எதுவும் தயாரா வைக்கலைன்னு அண்ணாச்சி எந்திரிச்சு வந்து கேட்டா என்ன சொல்ல?” என்றார் மதார்.

செத்தால் எழுந்து வந்து கேட்பாரே என்கிற பயத்தில் நாங்கள் அவருக்கே அஞ்சலிக் கட்டுரை கேட்டோம். எங்களை அப்படிப் பழக்கி வைத்திருந்தார் மனுஷன்.

கட்டுரைகள் மளமளவென்று வந்து விழுந்தன. சிலர் அனுப்பிய வேகத்தைப் பார்த்தால் போன வருஷமே எழுதி வைத்துவிட்டார்களோ என்று எனக்கு எரிச்சலாக வந்தது. நீயே கேட்டு வாங்கிவிட்டு எரிச்சல்பட்டால் எப்படி என்று கேட்காதீர்கள். அந்த நாட்களில் எனக்கு எல்லாவற்றின் மேலும் எரிச்சல்தான். கூட்டுறவு வங்கியில் என் ஜன்னலுக்கு வந்தவர்கள் பாவம்.

அண்ணாச்சி பிழைத்துக்கொண்டார். ஸ்டென்ட் வைத்து, ரெண்டு மாதம் பத்திரிகைப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று சொல்லித் தச்சநல்லூர் வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலை என் தலையில் விழுந்தது. அஞ்சலிகளைக் கம்ப்யூட்டரில் ஒரு மூலையில் போட்டு மூடிவிட்டு, கிடந்த கதைகளை வைத்து ஒரு இதழை ஒப்பேற்றி அனுப்பினேன். கட்டுரை எழுதினவர்களிடமெல்லாம் வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். குலசேகரன்பட்டினம் சுடலையாண்டியை மட்டும் பிடிக்க முடியவில்லை. அவன் போன் தண்ணீரில் விழுந்துவிட்டதாம். புதுப் போன் வாங்கின அன்றைக்கு அவனுக்குத் தன் கட்டுரை ஞாபகம் வந்திருக்கிறது. அண்ணாச்சி இருக்கிறாரா, போய்விட்டாரா என்றெல்லாம் அவன் யோசிக்கவில்லை. கட்டுரை என்ன ஆயிற்று என்று கேட்பதற்கு அவனுக்குத் தெரிந்த நம்பர் அண்ணாச்சியுடையது ஒன்றுதான்.

“அண்ணாச்சி, நம்ம கட்டுரை கெடைச்சுட்டா?”

“எந்தக் கட்டுரை வே?”

“உங்க அஞ்சலிக் கட்டுரைதான் அண்ணாச்சி.”

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்திருக்கிறது. அதன் பிறகு அந்தப் புதுப் போனையும் அணைத்து வைத்துவிட்டான்.

அன்று சாயங்காலமே எனக்கு அழைப்பு வந்தது. “எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்துட்டு வா.” குரலில் எதுவும் தெரியவில்லை. கோபமா, வருத்தமா, கண்டுபிடிக்க முடியாத ஆள் அவர்.

நான் போனபோது சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றித் தயாராக வைத்திருந்தார். மதினி எனக்குக் காப்பியும் அவருக்கு ஓட்ஸ் கஞ்சியும் கொண்டுவந்து வைத்தாள். அந்த வீட்டுப் படியேறின எந்த எழுத்தாளரும் மதினி கையால் காப்பி குடிக்காமல் இறங்கினதில்லை. ஆனால் அவள் ‘தலைமதகை’ ஒருநாளும் படித்ததில்லை. “உங்களை எல்லாம் நேர்லயே பாக்கேன், இதுல புஸ்தகத்துல வேற பாக்கணுமாக்கும்?” என்பாள்.

அண்ணாச்சி தன் சாவைத் திருத்த ஆரம்பித்தார்.

“மதார் ‘ஆலமரம் சாய்ந்தது’ன்னு எழுதியிருக்கான். இவனும் ஆலமரம். இந்தா, இவனும் ஆலமரம். ஒரு மரத்தை விட்டுட்டு மத்ததை வெட்டு.” ஓரத்தில் ‘மிகை’ என்று எழுதினார். அது அவருக்குப் பிடித்த சொல். அந்தச் சொல்லை ஓரத்தில் பார்க்காமல் இந்த ஜில்லாவில் யாரும் எழுத்தாளர் ஆனதில்லை.

“சுடலையாண்டி நாலு இடத்துல அழுதிருக்கான். ஒரு இடத்துல அழுதாப் போதும். இது யாரு, நான் அதிர்ந்து பேசவே மாட்டேன்னு எழுதினது? என்கூடப் பழகினவன்தானா?”

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அடித்துக்கொண்டே போனார். தவறிப்போய் ஒரு நல்ல வரியை அடித்துவிட்டால் பக்கத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதுவார். அது அபூர்வம். எழுதினவருக்கு ப்ரூஃப் காட்டுவது அதைவிட அபூர்வம், அதாவது கிடையாது. காட்டினால் வெட்டினதை எல்லாம் திரும்ப ஒட்டிவிடுவார்கள் என்று, பத்திரிகை தொடங்கின அன்றே சட்டம் போட்டவர் அவர்.

கடைசிக் கட்டுரை முடிந்ததும் பேனாவை மூடினார். “உன் கட்டுரை எங்க?”

“எழுதல.”

“ஏன்?”

“எழுதினா நீங்க செத்துப் போயிருவீங்கன்னு பயமா இருந்தது.”

அவர் தாள்களை மறுபடியும் முதலில் இருந்து புரட்டினார். எதையோ தேடினார். கஞ்சி ஆறி ஏடு கட்டிவிட்டது.

“எல்லாரும் எடிட்டர் செத்ததுக்குத்தான் எழுதியிருக்கான்” என்றார் கடைசியில். “நாவல் எழுதினவன் செத்ததுக்கு ஒருத்தனும் எழுதலியே.”

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

அவர் நாவலாசிரியர். முப்பது வயதுக்குள் ரெண்டு நாவல் எழுதினார். ‘கடைமடைக்காரி’யைக் கல்லூரியில் படிக்கும்போது ஒரே மூச்சில் படித்துவிட்டு, எழுதினவரைப் பார்க்க வேண்டும் என்று பஸ் ஏறி வந்தவள் நான். வந்த இடத்தில் அவர் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார். மூன்றாவது நாவல் அடுத்த வருஷம் வரும் என்றார். இன்றைக்கும் அடுத்த வருஷம்தான். எழுதாமல் இல்லை. எழுதுவார். மறுநாள் அதே சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து அடிப்பார். ஒரு அத்தியாயம் அரைப் பக்கமாகும். அந்த அரைப் பக்கமும் ஒருநாள் ‘மிகை’ ஆகிவிடும். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆண்டுவிழாவில் அதைச் சொல்லி அவரை வைத்துச் சிரிப்போம், அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

“அவரு செத்து ரொம்ப வருசமாகுது அண்ணாச்சி. யாரு கொன்னதுன்னு உங்களுக்குத் தெரியாதா?” என்று அவர் கையில் இருந்த பேனாவைப் பார்த்தேன்.

நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மனுஷனிடம் பேசுகிற பேச்சா அது? சமையல்கட்டில் மதினியின் பாத்திரச் சத்தம் நின்றது. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஆனித் தேரோட்டத்துக்கு ஊர் களைகட்டியிருந்த வாரம், வங்கிக்கே வந்துவிட்டார். வரிசையில் நின்று என் ஜன்னலுக்கு வந்து ஒரு கனத்த உறையை உள்ளே தள்ளினார். மேலே, ‘ஆசிரியர், தலைமதகு’ என்று எழுதியிருந்தது. கீழே அனுப்புநர் இடத்தில் தன் பெயர்.

“நாவலோட முதல் அத்தியாயம். பிரசுரத்துக்குத் தகுதியான்னு பாத்துச் சொல்லுங்க” என்றார். என்னை அவர் ‘ங்க’ போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்குப் பின்னால் இருந்த காசாளர் என்னை ஒருமாதிரி பார்த்தார்.

வீட்டில் வந்து பிரித்தால், பழைய கதைதான். பக்கத்துக்குப் பக்கம் சிவப்புக் கோடு. ஆனால் இந்தத் தடவை அவர் அடித்ததோடு நிறுத்தியிருந்தார், கிழித்துப் போடவில்லை. கோட்டுக்கு அடியில் எழுத்துகளைப் படிக்க முடிந்தது. ஆஸ்பத்திரியில் கண் விழிக்கிற ஒரு ஆள், பார்வையாளர் நேரத்துக்காகக் காத்துக்கிடக்கிறான். வருகிற எல்லாரும் அவனுடைய வேலையைப் பற்றியே பேசுகிறார்கள். மனைவி மட்டும் பேசாமல் அவன் பாதத்தைப் போர்வையால் மூடிவிட்டுப் போகிறாள். அதன்பிறகு ஒரு இடத்தில் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி அடித்து, ஓரத்தில் ‘மிகை’ என்று போட்டிருந்தார். விளக்கைக் கிட்டத்தில் வைத்துப் படித்தேன்.

‘வந்தவன் போனவனுக்கெல்லாம் அவள் காப்பி போட்டுக் கொடுத்தாள். அவள் குடிக்கிற காப்பிக்கு எத்தனை கரண்டி சீனி என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் செத்துப்போக வெட்கமாக இருந்தது.’

நான் அழுதேன். ஒரு இடத்தில்தான்.

பிறகு பென்சிலை எடுத்து முதல் பக்கத்தில் இருந்து தொடங்கினேன். அவர் அடித்ததில் சிலது நியாயமாகவே அடிபட வேண்டியதுதான். அதையெல்லாம் விட்டுவிட்டேன், நான் ஒன்றும் கண்மூடி ரசிகை இல்லை. மீதியில் ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் ‘இருக்கட்டும்’ என்று எழுதினேன். எழுத எழுதக் கைக்கு ருசியாக இருந்தது.

‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று செய்தி அனுப்பினேன். அன்றிலிருந்து அவர் போன் ஓயவில்லை.

“ஏ சித்ரா, ப்ரூஃபை ஒருதரம் கண்ல காட்டேன்.”

“எழுதினவங்களுக்கு நம்ம ப்ரூஃப் காட்டுறதில்லியே அண்ணாச்சி.”

“அது மத்தவங்களுக்குப் போட்ட சட்டம்லா?”

“நீங்களும் மத்தவங்கதான். அனுப்புநர்னு உறையில நீங்கதான எழுதியிருக்கீங்க?”

மதாரைத் தூது அனுப்பிப் பார்த்தார். மதார் வந்து, “பாவம்மா, ராத்திரி தூக்கமில்லாமக் கெடக்காரு” என்றார். நமக்கெல்லாம் எத்தனை ராத்திரி தூக்கம் போயிருக்கிறது என்று கேட்டேன். மதார் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அதுவும் சரிதான், நல்லாக் கெடக்கட்டும்” என்று போய்விட்டார்.

இதழ் வந்த அன்று முதல் பிரதியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அட்டையில் பெரிய எழுத்தில், ‘காந்திமதிநாதனின் புதிய நாவல் தொடக்கம்’ என்று போட்டிருந்தோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அந்த இடத்துக்கு வந்ததும் விரலை அதன்மேல் வைத்து நிறுத்தினார்.

“இதை நான் அடிச்சிருந்தேனே.”

“இருக்கட்டும்னு போட்டேன்.”

“மிகை, சித்ரா.”

“உண்மையா, இல்லியா? அதைச் சொல்லுங்க.”

காப்பித் தம்ளரோடு வந்த மதினி எங்கள் ரெண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். தம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, அவர் கையில் இருந்த இதழை வாங்கினாள். அண்ணாச்சி விடாமல் பிடித்தார். மதினி ஒரு இழுப்பு இழுத்தாள். நின்றவாக்கிலேயே, உதடு அசைய, விரல் வைத்திருந்த இடத்தில் இருந்து படித்தாள். அண்ணாச்சி ஜன்னலைப் பார்த்தார். நான் காப்பியைக் குடிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் நின்றேன்.

மதினி முடித்துவிட்டு நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் கலங்கவில்லை.

“நான் காப்பியே குடிக்கதில்லியே” என்றாள்.

அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார்.

“கல்யாணமாகி வந்த நாள்லருந்து டீதான் குடிக்கேன். காப்பி எனக்குச் சேராது.”

அண்ணாச்சிக்கு முகம் கறுத்து, பிறகு சிவந்தது. கடைசியில் அவருக்குள் இருந்த பத்திரிகைக்காரர் முந்திக்கொண்டார். “தகவல் பிழை! இதுக்குத்தான் ப்ரூஃபைக் காட்டுன்னு சொன்னேன்!”

“உங்களுக்குக் காட்டி என்ன செய்ய? மதினிக்குல்லா காட்டியிருக்கணும்?” என்றேன். “அச்சாயிட்டு அண்ணாச்சி. இனி ஒண்ணும் பண்ண முடியாது. அடுத்த அத்தியாயத்துல திருத்திக்கிடுங்க. பதினஞ்சாம் தேதிக்குள்ள வந்துரணும்.”

அவர் என்னை முறைத்தார். பிறகு மதினியைப் பார்த்து, சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டார். “டீக்கு எத்தனை கரண்டி?”

“போட்டுக் கொண்டாங்க. குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுதேன்.”

அண்ணாச்சி நாற்காலிக் கையைப் பிடித்துப் பைய எழுந்தார். நான் பிடிக்கப் போனேன், மதினி கண்ணைக் காட்டி நிறுத்தினாள். அவர் சமையல்கட்டுக்குள் போனார். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

“தேயிலை டப்பா எங்கன இருக்கு?”

மதினி அவருடைய சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, அவர் கழற்றி வைத்துவிட்டுப் போன கண்ணாடியை முந்தானையால் துடைத்து மாட்டிக்கொண்டு, அத்தியாயத்தை முதல் வரியில் இருந்து படிக்க ஆரம்பித்தாள்.